காலேஜ் இன்டர்ன்ஷிப்ப முழுசா பயன்படுத்திக்கிறது எப்படி? சேர்றதுக்கு முன்னாடி இருந்து கடைசி நாள் வரைக்கும்

8 வாரம் இன்டர்ன்ஷிப்னா கேக்க பெருசா இருக்கும், கணக்கு போட்டு பாத்தா 40 வேலை நாள் தான். அதுல முதல் வாரம் ஐடி கார்டு, லேப்டாப், லாகின்னு போயிரும், கடைசி வாரம் ரிப்போர்ட்டு ப்ரெசென்டேஷன்னு ஓடிரும், நடுவுல நிக்கிறது 30 நாள். அந்த 30 நாள்ல நீங்க என்ன செஞ்சீங்கன்னு ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் கேட்டா தெளிவா சொல்ல முடியணும், அவ்ளோ தான் விஷயம். நான் கீழ சொல்லப் போற எல்லா படியும் அதுக்காகத் தான்.

ஏன் இத இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, என்னோட முதல் இன்டர்ன்ஷிப்புக்கு நான் தினமும் டைமுக்குப் போனேன், குடுத்த வேலைய செஞ்சேன், சர்ட்டிஃபிகேட்டும் கைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு வேலைக்கு இன்டர்வியூ போனப்ப "அங்க நீங்களா எடுத்த ஒரு முடிவ சொல்லுங்க, ஏன் அப்படி எடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க. அந்த ஆபீஸோட மாடிப்படி ஞாபகம் வருது, நான் உக்காந்த சீட்டு ஞாபகம் வருது, செஞ்ச வேலை மட்டும் வாயில வரவே இல்ல. அந்த வேலை கிடைக்கல, ரொம்ப வலிச்சுது. அடுத்த இன்டர்ன்ஷிப்புக்குப் போறப்ப ஒரு நோட்டு வாங்கிட்டுப் போனேன். இப்ப நான் வேலை பாக்கற எடத்துல வர்ற இன்டர்ன்களுக்கு மென்டரா இருக்கேன், அவங்க கிட்ட முதல் நாள் உக்கார வச்சு சொல்றதத் தான் இங்க எழுதறேன்.

படி 1: சேர்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

ஆஃபர் லெட்டர் வந்ததும் சந்தோஷத்துல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு விட்ராதீங்க, ஒரு தடவ முழுசா படிங்க. எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும், ஸ்டைபன்ட் (உதவித்தொகை) உண்டா இல்லையா, ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம், பரீட்சை வந்தா லீவு தருவாங்களா, நீங்க செய்யற வேலை யாருக்கு சொந்தம், எதயெல்லாம் வெளிய சொல்லக் கூடாது, இதெல்லாம் எழுத்துல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஒரு மெயில் போட்டு கேளுங்க, கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு யோசிக்காதீங்க, சேர்றதுக்கு முன்னாடி கேக்கறது தான் ரெண்டு பக்கத்துக்கும் நல்லது. உங்க கிட்டயே பணம் கட்டச் சொல்ற இன்டர்ன்ஷிப்பா இருந்தா அங்கயே நிறுத்தி நல்லா விசாரிங்க, அதுல பாதிக்கு மேல கோர்ஸ இன்டர்ன்ஷிப்னு பேர் மாத்தி விக்கறது தான்னு நான் நினைக்கறேன்.

காலேஜ் பக்கமும் ஒரு வேலை இருக்கு. கிரெடிட் வேணும்னா என்னென்ன ஃபார்ம், லாக்புக்ல யார் கையெழுத்து போடணும், ரிப்போர்ட் எந்த ஃபார்மட்ல வேணும்னு டிபார்ட்மென்ட்ல முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. கடைசி நாள்ல கையெழுத்துக்கு அலையறப்ப கையெழுத்து போட வேண்டியவர் லீவுல இருப்பார், இத நான் பல தடவ பாத்துட்டேன்.

சேர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி மென்டருக்கு சின்னதா ஒரு மெயில் போடுங்க. "நான் இன்ன தேதில சேர்றேன், அதுக்குள்ள நான் படிச்சுட்டு வர வேண்டியது ஏதாவது இருக்கா, டீம்ல என்ன சாஃப்ட்வேர் யூஸ் பண்றீங்க?" இந்த ரெண்டு வரி போதும்.

படி 2: முதல் வாரம், ஒரு நோட்டு

நோட்டுன்னா பேப்பர் நோட்டா இருக்கலாம், போன்ல இருக்கற நோட்ஸ் ஆப்பா இருக்கலாம், ஆனா ஆபீஸ் ரகசியம் எதுவும் சொந்த போன்ல ஏறக் கூடாது, அத மட்டும் கவனமா பாத்துக்கோங்க. சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி 10 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். நான் எழுதினது இப்படி தான் இருக்கும்:

"நாள் 9. கஸ்டமர் கம்ப்ளெயின்ட் ஷீட்ட வகை பிரிச்சேன், 212 வரி. 40 வரி எந்த வகைலயும் சேரல. 'மத்தவை'ன்னு போட்டா சுலபம், ஆனா அந்த 40ல 26 டெலிவரி லேட் பத்தி இருக்கு, அதுக்கு தனி வகை வச்சேன். மேடம் கிட்ட காரணத்த சொன்னேன், சரின்னாங்க. தெரியாதது: எஸ்எல்ஏன்னா என்ன? நாளைக்கு கேக்கணும்."

பாருங்க, இதுல என்ன செஞ்சேன்னு இருக்கு, ஒரு எண் இருக்கு, ஒரு முடிவும் அதோட காரணமும் இருக்கு, தெரியாதது ஒண்ணு இருக்கு. இந்த நாலும் இருந்தா போதும், மொழி அழகா இருக்கணும்னு அவசியமே இல்ல. இந்த ஒரு பத்தில இருந்து காலேஜ் லாக்புக் வரும், வாராந்தர மெயில் வரும், ரெஸ்யூமேல ஒரு வரி வரும், இன்டர்வியூல "நீங்களா எடுத்த முடிவு"ன்னு கேட்டா பதிலும் வரும். முதல் இன்டர்ன்ஷிப்ல என் கிட்ட இல்லாம போனது இது தான்.

அதே நோட்டோட கடைசி பக்கத்துல ரெண்டு லிஸ்ட் போடுங்க. ஒண்ணு, காதுல விழற சுருக்கெழுத்துங்க. ஒவ்வொரு ஆபீஸுக்கும் தனி பாஷை இருக்கும், மீட்டிங்ல மூணு எழுத்து மூணு எழுத்தா பேசுவாங்க, எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வெளிய வந்தா ஒண்ணும் புரிஞ்சிருக்காது. இன்னொண்ணு, ஆளுங்க பேரும் அவங்க எதப் பாத்துக்கறாங்கங்கறதும். ரெண்டாவது வாரத்துல "இது யார் கிட்ட கேக்கணும்?"னு மத்தவங்களே உங்க கிட்ட கேப்பாங்க.

படி 3: மென்டர் கூட அரை மணி நேரம்

முதல் வாரம் முடியறதுக்குள்ள மென்டர் கிட்ட டைம் கேட்டு உக்காருங்க. மூணு விஷயம் எழுதிட்டு போங்க: நான் கத்துக்க நினைக்கறது ஒண்ணு, நான் முழுசா முடிச்சுக் காட்ட நினைக்கறது ஒண்ணு, பக்கத்துல இருந்து பாக்க நினைக்கறது ஒண்ணு. கடைசில சொன்னது ஒரு க்ளையன்ட் மீட்டிங்கா இருக்கலாம், ஒரு ஆபரேஷனா இருக்கலாம், கோர்ட்ல ஒரு வாதமா இருக்கலாம், உங்க துறைய பொறுத்தது.

அப்புறம் இந்தக் கேள்விய கட்டாயம் கேளுங்க: "கடைசி நாள்ல என் கையில எது முடிஞ்சிருந்தா இந்தப் பையன், இந்தப் பொண்ணு நல்லா பண்ணாங்கன்னு சொல்வீங்க?" நிறைய மென்டர்களுக்கு இது வரைக்கும் அத பத்தி யோசன இருந்திருக்காது, அவங்களும் இன்டர்ன் வந்தாச்சு ஏதாவது குடுக்கணும்னு தான் இருப்பாங்க, நீங்க கேட்ட பிறகு தான் யோசிப்பாங்க. என் கிட்ட ஒரு இன்டர்ன் இப்படி கேட்டப்ப நான் அவங்களுக்காக வச்சிருந்த வேலைய மாத்திட்டு வேற ஒரு நல்ல வேலைய குடுத்தேன்.

படி 4: வேலைய கையில வாங்கறது எப்படி

வேலை சொல்றப்ப எழுதிக்கோங்க, சொல்லி முடிச்சதும் உங்க வார்த்தைல திருப்பிச் சொல்லுங்க. "சரி, நான் புரிஞ்சுகிட்டது இது, வியாழக்கிழமைக்குள்ள எக்செல்ல வேணும், இத சேல்ஸ் டீம் பாப்பாங்க, சரியா?" இந்த 20 செகண்ட் ரெண்டு நாள் வேலைய காப்பாத்தும். யார் பாக்கப் போறாங்கன்னு கேக்கறத யாரும் செய்யறதில்ல, ஆனா அது தெரிஞ்சா தான் எவ்ளோ விவரமா செய்யணும்னே தெரியும்.

எப்ப முடியும்னு கேட்டா உடனே "நாளைக்கே முடிச்சிருவேன்"னு சொல்லாதீங்க. 1994ல உளவியல் ஆராய்ச்சியாளர்கள் பட்டப்படிப்பு கடைசி வருஷ மாணவர்கள் கிட்ட அவங்க தீசிஸ் முடிக்க எத்தன நாள் ஆகும்னு கேட்டாங்க. சராசரியா 34 நாள்னு சொன்னாங்க, நிஜத்துல ஆனது 55 நாளுக்கு மேல. எல்லாமே தப்பா போனா எவ்ளோ நாள் ஆகும்னு கேட்டதுக்கும் அவங்க சொன்ன சராசரி 49 நாளத் தாண்டல, நிஜம் அதையும் தாண்டிருச்சு. புது எடம், புது டூல், புது டேட்டா, இதெல்லாம் சேர்ந்தா உங்க கணக்கும் அப்படித் தான் போகும், அதனால மனசுல தோணற நாளோட பாதிய மேல போட்டு சொல்லுங்க, முன்னாடியே முடிஞ்சா நல்லது தான்.

முழுசா முடிச்சுட்டு தான் காட்டுவேன்னு ஒளிச்சு வச்சுக்காதீங்க. அஞ்சுல ஒரு பங்கு ஆனதும் "இந்த மாதிரி போயிட்டிருக்கேன், திசை சரியா?"ன்னு காட்டிருங்க. பரீட்சைல தான் முழு பேப்பரா குடுக்கணும், ஆபீஸ்ல அப்படி கிடையாது. நாலு நாள் மூச்சு விடாம உழைச்சு தப்பான ஒண்ண கொண்டு வந்து வைக்கற இன்டர்ன பாத்தா எனக்கு கஷ்டமா இருக்கும், அந்த உழைப்பு அவ்ளோ உண்மையா இருக்கும்.

படி 5: கேள்வி கேக்கறது

இதுல தான் நிறைய பேர் தோக்கறாங்க, அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன். ஒரு சாரார் எதுக்கெடுத்தாலும் உடனே கேப்பாங்க, இன்னொரு சாரார் கேட்டா மட்டமா நினைப்பாங்கன்னு ரெண்டு நாள் ஒரே எடத்துல மாட்டிகிட்டு உக்காந்திருப்பாங்க. ரெண்டாவது சாரார் தான் அதிகம், நல்லா படிக்கற பிள்ளைங்க தான் அதுல அதிகம், ஏன்னா கிளாஸ்ல கேள்வி கேட்டா தெரியாதவன்னு ஆயிருமேன்னு இத்தன வருஷம் பழகிட்டாங்க.

நான் சொல்ற கணக்கு 30 நிமிஷம். மாட்டிகிட்டா 30 நிமிஷம் நீங்களே முட்டி மோதி பாருங்க, பழைய ஃபைல், டாக்குமென்ட், கூகுள் எல்லாம் தேடுங்க, அதுக்கப்புறமும் வரலன்னா கேட்டே ஆகணும். கேக்கறப்ப எப்படி கேக்கறோம்ங்கறது தான் முக்கியம். இது ஒரு இன்டர்ன் எனக்கு அனுப்பின மெசேஜ்: "சார், ரிப்போர்ட் வரல, என்ன பண்றது?" நான் மீட்டிங்ல இருக்கேன், எந்த ரிப்போர்ட், வரலன்னா என்ன அர்த்தம், எதுவும் தெரியாது, திருப்பி நாலு கேள்வி கேக்கணும், அதனால அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன், அந்தப் பையன் மதியம் முழுக்க சும்மா உக்காந்திருந்தான். அடுத்த நாள் அவன் கிட்ட இப்படி அனுப்புன்னு சொல்லிக் குடுத்தேன்:

"சார், ஜூன் மாச சேல்ஸ் ரிப்போர்ட் எடுக்கறேன். டோட்டல் போன மாச ஃபைல் கூட ஒத்து வரல, வித்தியாசம் 3 வரி. ரிட்டர்ன் ஆன ஆர்டர நீக்கி பாத்தேன், தேதிய செக் பண்ணேன், அப்பவும் வரல. கேன்சல் ஆனதையும் நீக்கணும்னு நினைக்கறேன், சரியா? 4 மணிக்குள்ள சொன்னா போதும், அது வரைக்கும் சார்ட் வேலைய பாக்கறேன்."

இதுக்கு நான் நடந்துகிட்டே "ஆமா, நீக்கிரு"ன்னு பதில் போட்டுருவேன். எத பண்றேன், எங்க மாட்டினேன், என்னென்ன முயற்சி பண்ணேன், என் ஊகம் என்ன, எப்பக்குள்ள வேணும், இந்த அஞ்சும் இருந்தா எவ்ளோ பிஸியான ஆளும் பதில் சொல்வாங்க. இப்படி டைப் பண்ண ஆரம்பிச்சாலே பாதி நேரம் விடை நமக்கே தெரிஞ்சிரும், அனுப்பாம அழிச்சிருவோம்.

இங்கயே இன்னொண்ணு. ஏஐ சாட்பாட் கிட்ட கேக்கறது இப்ப எல்லாருக்கும் பழக்கம், பொதுவான சந்தேகத்துக்கு கேளுங்க, ஆனா ஆபீஸ் டேட்டா, கஸ்டமர் பேரு, கோட் இதெல்லாம் அனுமதி இல்லாம அதுல பேஸ்ட் பண்ணவே கூடாது. எது அனுமதி, எது கூடாதுன்னு முதல் வாரமே கேட்டுருங்க, தெரியாம பண்ணேன்னு சொன்னாலும் அது பெரிய பிரச்சனை ஆகும்.

படி 6: சலிப்பான வேலையும், வேலையே இல்லாத நாளும்

டேட்டா என்ட்ரி, மீட்டிங் நோட்ஸ், பழைய ஃபைல அடுக்கறது இதெல்லாம் வரத் தான் செய்யும். முதல் தடவ ஒழுங்கா செய்யுங்க, ரெண்டாவது தடவ அதே வேலை வந்தா எத்தன நிமிஷம் ஆகுதுன்னு குறிச்சு வைங்க, மூணாவது தடவ அத சுருக்க வழி இருக்கான்னு பாருங்க, ஒரு ஃபார்முலாவோ டெம்ப்ளேட்டோ செக்லிஸ்டோ போதும். "தினமும் 50 நிமிஷம் ஆன வேலைய 15 நிமிஷமா ஆக்கினேன்"ங்கறது ஒரு முழுமையான ரெஸ்யூமே வரி.

வேலை இல்லன்னா போன் பாத்துட்டு உக்காராதீங்க, "வேலை ஏதாவது இருக்கா?"ன்னு மொட்டையாவும் கேக்காதீங்க. மென்டர் அத யோசிக்கவே தனியா நேரம் ஒதுக்கணும். "இது முடிஞ்சுது, அடுத்து அந்த டாக்குமென்ட் பழசா இருக்கு, அத அப்டேட் பண்ணட்டுமா?"ன்னு நீங்களே ஒண்ண கையில வச்சுகிட்டு கேளுங்க.

ஆனா 3 வாரம் தாண்டியும் உங்க படிப்புக்கு சம்பந்தமே இல்லாத எடுபிடி வேலை மட்டும் தான் வருது, இல்ல ராத்திரி பகல்னு இழுக்கறாங்க, இல்ல யாராவது தப்பா பேசறாங்க தப்பா நடந்துக்கறாங்கன்னா அத சகிச்சுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு கிடையாது. தேதி போட்டு எழுதி வைங்க, மென்டர், எச்ஆர், காலேஜ் கோ-ஆர்டினேட்டர்னு சொல்லுங்க. ஒரு சர்ட்டிஃபிகேட்டுக்காக வாய மூடிட்டு இருக்காதீங்க.

படி 7: தப்பு பண்ணிட்டா

ரெண்டாவது இன்டர்ன்ஷிப்ல, ஏழாவது வாரம்னு நினைக்கறேன், டீம் மொத்தமும் யூஸ் பண்ற ஷீட்ல ஒரே ஒரு காலம் (column) மட்டும் செலக்ட் பண்ணி வரிசைய மாத்திட்டேன். பேரு ஒரு பக்கம், போன் நம்பர் ஒரு பக்கம்னு எல்லாம் கலைஞ்சு போச்சு. கை ஜில்லுன்னு ஆயிருச்சு. யாருக்கும் தெரியாம சரி பண்ணிரலாம்னு ஒரு அஞ்சு நிமிஷம் போராடினேன், அதுக்குள்ள இன்னொருத்தர் அதே ஷீட்ல டைப் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. எழுந்து போய் மேடம் கிட்ட சொன்னேன்: "11:20க்கு நான் தப்பா வரிசைய மாத்திட்டேன், அதுக்கப்புறம் ஒருத்தர் எடிட் பண்ணிருக்காங்க, பழைய வெர்ஷனுக்கு போகலாமா?" வெர்ஷன் ஹிஸ்டரில 11:15க்கு திரும்பி போய் 3 நிமிஷத்துல முடிஞ்சுது. அந்தம்மா கோபப்படல, "உடனே வந்து சொன்னது நல்லது, சாயங்காலம் சொல்லிருந்தா ஒரு நாள் வேலை போயிருக்கும்"னாங்க.

அதனால தப்பு நடந்தா என்ன ஆச்சு, எப்ப ஆச்சு, யாரையெல்லாம் பாதிக்கும், இது வரைக்கும் என்ன செஞ்சேன்னு நாலு வரில உடனே சொல்லிருங்க. மன்னிப்ப ஒரு தடவ கேட்டா போதும், பத்து தடவ கேட்டா சரி பண்ற நேரம் தான் போகும். அன்னிக்கு நோட்டுல அதையும் எழுதுங்க, "ஒரு தப்பு பண்ணீங்க, எப்படி சரி பண்ணீங்க?"ங்கறது இன்டர்வியூல அடிக்கடி வர்ற கேள்வி.

படி 8: வெள்ளிக்கிழமை மெயில்

நோட்டுல இருந்து நாலு வரி: இந்த வாரம் முடிச்சது, பாதில நிக்கறது, அடுத்த வாரம் செய்யப் போறது, உங்க கிட்ட இருந்து எனக்கு வேணுங்கறது. மென்டருக்கு அனுப்புங்க. வீட்ல இருந்தே பண்ற இன்டர்ன்ஷிப்னா இது இல்லாம இருக்கவே கூடாது, அங்க நீங்க உழைக்கறத யாரும் கண்ணால பாக்கறதில்ல.

பாதி நாள் முடியறப்ப ஃபீட்பேக் கேளுங்க. "நான் எப்படி பண்றேன்?"னு கேட்டா "நல்லா பண்றீங்க"ன்னு முடிச்சிருவாங்க. "போன வாரம் குடுத்த ரிப்போர்ட்ல நீங்களா இருந்தா எத மாத்திருப்பீங்க?"ன்னு கேளுங்க, அப்ப தான் நிஜமான பதில் வரும். அத கேட்டு வாதாடாம எழுதிக்கோங்க, அடுத்த வாரம் மாத்திக் காட்டுங்க. சொன்னத மாத்திக்கற இன்டர்ன எந்த மென்டரும் மறக்கறதில்ல.

படி 9: ஆளுங்கள தெரிஞ்சுக்கறது

மார்க் கிரனோவெட்டர்ங்கற சமூகவியல் ஆராய்ச்சியாளர் 1973ல ஒரு கட்டுரை எழுதினார். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்க கிட்ட, அந்த வேலைய பத்தி சொன்னவர நீங்க எவ்ளோ அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டார். அடிக்கடி பாக்கறவர்னு சொன்னவங்க 100க்கு 17 பேர் கூட இல்ல, மத்த எல்லாரும் எப்பவாவது பாக்கறவர், இல்ல பாக்கறதே அபூர்வம்னு தான் சொன்னாங்க. காரணம் சுலபம், உங்க நெருங்கின ஃப்ரெண்டுக்கு தெரிஞ்ச விஷயம் ஏற்கனவே உங்களுக்கும் தெரியும், தூரத்துல இருக்கறவங்களுக்குத் தான் நமக்குத் தெரியாத வாசல் தெரியும்.

அதனால உங்க டீமுக்கு வெளிய வாரத்துக்கு ஒருத்தர் கிட்ட 15 நிமிஷம் கேளுங்க. வேலை வாங்கிக் குடுங்கன்னு கேக்காதீங்க, "உங்க ஒரு நாள் எப்படி போகும், இந்த வேலைல கஷ்டமானது எது, என் வயசுல திரும்ப ஆரம்பிச்சா எத கத்துப்பீங்க?"ன்னு கேளுங்க. 8 வாரத்துல 6 பேர் கிட்ட பேசினாலே பெரிய விஷயம். கூட இருக்கற மத்த இன்டர்ன்களையும் விட்ராதீங்க, நாலஞ்சு வருஷத்துல அவங்க ஆளுக்கொரு கம்பெனில இருப்பாங்க.

படி 10: கடைசி ரெண்டு வாரம்

புது வேலை எதுவும் வாங்காதீங்க, கையில இருக்கறத முடிங்க. அரைகுறையா நாலு இருக்கறத விட முழுசா ஒண்ணு போதும். அடுத்து வர்றவங்க உங்க வேலைய எடுத்து செய்யற மாதிரி ஒரு ஹேண்டோவர் டாக்குமென்ட் எழுதுங்க, ஃபைல் எங்க இருக்கு, எந்த ஸ்டெப் முதல்ல, எங்க மாட்டும்னு. எழுதினத ஒருத்தர் கிட்ட குடுத்து உங்க கிட்ட எதுவும் கேக்காம செஞ்சு பாக்கச் சொல்லுங்க, விட்டுப்போனது எல்லாம் அப்ப தெரிஞ்சிரும்.

ரெஸ்யூமேக்கு இப்பவே எழுதுங்க, எண்ணெல்லாம் கையில இருக்கறப்பவே. "கஸ்டமர் டேட்டாவ ஆய்வு செய்தேன்"னு எழுதினா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. "212 கம்ப்ளெயின்ட்ட வகை பிரிச்சு டெலிவரி தாமதத்த தனி வகையா காட்டினேன், டீம் வாராந்தர ரிப்போர்ட்ல அத சேத்துகிட்டாங்க"ன்னு எழுதினா அங்க ஒரு ஆள் வேலை செஞ்சது தெரியுது. எந்த எண்ண வெளிய சொல்லலாம், எந்த ஸ்க்ரீன்ஷாட்ட போர்ட்ஃபோலியோல போடலாம்னு மென்டர் கிட்ட கேட்டு மெயில்லயே பதில் வாங்கிக்கோங்க, கேக்காம ஒரு ஃபைல கூட எடுத்துட்டு வராதீங்க.

சர்ட்டிஃபிகேட்ல பேரு, தேதி, டிபார்ட்மென்ட், ப்ராஜெக்ட் பேரு சரியா இருக்கான்னு அங்கயே நின்னு படிங்க. ரெகமண்டேஷன் லெட்டர் வேணும்னா உங்க வேலைய நேர்ல பாத்தவர் கிட்ட கேளுங்க, பெரிய பதவில இருக்கார்னு முகமே தெரியாதவர் கிட்ட கேட்டா பொதுவா நாலு வரி தான் வரும். கேக்கறப்ப நீங்க செஞ்ச மூணு வேலைய நோட்டுல இருந்து எடுத்து அவருக்கு அனுப்பிருங்க, அவருக்கும் எழுத சுலபம். அங்கயே வேலை கிடைச்சா நல்லதுன்னு தோணுச்சுன்னா அதையும் நேரா கேளுங்க, "முழு நேர வேலைக்கு ஆள் எடுக்கறப்ப என்னையும் சேத்துக்கணும்னா யார் கிட்ட சொல்லணும்?"னு. வாய் விட்டு கேக்காததால போன வாய்ப்பு நிறைய.

போன பிறகு ஒரு வாரத்துக்குள்ள உங்களுக்கு உதவி பண்ண ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா நன்றி அனுப்புங்க, அவங்க சொல்லிக் குடுத்த ஒரு விஷயத்த பேரு சொல்லி எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு "நீங்க சொன்னத இப்ப என் ப்ராஜெக்ட்ல யூஸ் பண்றேன்"னு ஒரு மெயில் வந்தா எனக்கெல்லாம் அந்த நாளே நல்லா போகும். இதுக்கெல்லாம் அவங்க நம்பரும் சொந்த மெயில் ஐடியும் உங்க கிட்ட இருக்கணும், அத கடைசி நாளுக்கு முந்தின நாளே வாங்கிருங்க, ஏன்னா பல எடத்துல கடைசி நாள் சாயங்காலமே உங்க ஆபீஸ் மெயில் லாக் ஆயிரும்.